தொண்டும் அமைப்பும்
வளர்ந்தோர் எழுத்தறிவு இயக்கங்களில் தொண்டர் பிரச்சினை: ஒரு விமர்சன நோக்கு

1. பிரச்சினையின் இயல்பு

வளர்ந்தோர் எழுத்தறிவு பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை இரண்டு வினாக்களைச் சுற்றியே அமைந்துள்ளன. எதனைக் கற்பித்தல் வேண்டும் என்பது ஒன்று. எம்முறையிற் கற்பித்தல் வேண்டும் என்பது மற்றையது. பாடநூலின் சொற்றெரிவு, எழுத்துக்களை அறிமுகஞ் செய்யும் வரிசை, பேச்சு வழக்குக்கும் எழுத்து வழக்குக்குமிடையிலான தொடர்பு என்பன பற்றி ஆழமான விவாதங்கள் நிகழ்ந்துள்ளன. ஆயின், பகலெல்லாம் வயலிலோ கற்குழியிலோ உழைத்துக் களைத்தவர் முன், அரிக்கன் லாம்பின் ஒளியில் அப்பாடநூலை விரித்து அமர்பவர் யார், அவர் எத்தகைய ஆயத்தத்துடன் வருகிறார், மூன்றாம் மாதத்தில் அவர் சோர்வுறும்போது அவரைத் தாங்கி நிற்பது எது என்னும் வினாக்கள் அறிக்கைகளின் பின்னிணைப்புக்களிலேயே இடம்பெறுகின்றன.

இப்புறக்கணிப்பு தற்செயலானதன்று. ஊதியமின்றி உழைப்பவர் பற்றிய சிந்தனை இரு துருவங்களில் நிற்கிறது. ஒருபுறம், தொண்டரின் தியாகத்தையும் அர்ப்பணிப்பையும் போற்றும் இலட்சியவாத நோக்கு. இந்நோக்கின்படி தொண்டர் உணர்வு மிக்கவராயின் எல்லாம் நடைபெறும். நடைபெறவில்லையெனின் உணர்வு குன்றியது என்பதே விளக்கமாகும். மறுபுறம், அரச சார்பற்ற நிறுவனங்களின் வழியாகப் பரவியுள்ள முகாமைத்துவ நோக்கு. ஆட்சேர்ப்பு, பணி விபரம், பயிற்சி, மேற்பார்வை, சான்றிதழ் என்னும் படிமுறையை ஒழுங்காகப் பின்பற்றினால் தொண்டர் நிலைத்து நிற்பர் என்பது அதன் நம்பிக்கை. முன்னையது தொண்டரை வழிபாட்டுக்குரியவராக்குகிறது. பின்னையது அவரை ஊதியப் பட்டியலிற் பெயரில்லாத ஊழியராக்குகிறது. தொண்டர் சமூகத்தின் எப்படிநிலையிலிருந்து வருகிறார், கற்போருடன் அவருக்குள்ள உறவு யாது என்னும் கேள்விகள் இவ்விரு நோக்குகளிலும் எழுவதில்லை.

கியூபாவில் 1961இலும், நிக்கராகுவாவில் 1980இலும், இந்தியாவில் 1978இலும் 1988இன் பின்னரும் நடைபெற்ற எழுத்தறிவு இயக்கங்களை, சிறப்பாகக் கேரளத்தின் எர்ணாகுளம், தமிழ்நாட்டின் புதுக்கோட்டை ஆகிய மாவட்டங்களின் அநுபவங்களை, இவ்வினாக்களின் ஒளியில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தொண்டரின் ஊக்கம் இயக்கத்துக்கு வெளியே ஏற்கெனவே சேமித்து வைக்கப்பட்டுள்ள பொருளன்று. இயக்கத்தின் அமைப்பே அதனை உற்பத்தி செய்கிறது, அமைப்பே அதனை அழிக்கவும் செய்கிறது என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

2. தொண்டு என்னும் சொல்லும் தொண்டர் என்னும் மனிதரும்

தமிழிலே தொண்டு என்னும் சொல் நீண்ட வரலாறு உடையது. 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்துக்குத் திருத்தொண்டர் புராணம் என்னும் பெயரும் உண்டு. அங்கு தொண்டு என்பது இறைவனுக்கும் அடியார்க்கும் ஆட்பட்டுச் செய்யும் பணியாகும். கைம்மாறு கருதாமை அதன் இலக்கணம். கேள்வி கேளாமை அதன் பெருமை. 20ஆம் நூற்றாண்டிலே தேசிய இயக்கமும் சமூகச் சீர்திருத்த இயக்கங்களும் இச்சொல்லை மக்கட் பணிக்கு உரியதாக்கின. பணியின் இலக்கு மாறிற்று. எனினும் சொல்லின் உள்ளே பொதிந்திருந்த உறவுமுறை முற்றாக மாறியது எனக் கூறுவதற்கில்லை. 1990களில் தமிழ்நாட்டின் அறிவொளி இயக்கம் தன் கற்பிப்போரைத் ‘தொண்டர்’ என அழைத்தபோது, அச்சொல்லின் பழைய நிழலும் உடன் வந்தது. தொண்டர் கொடுப்பவர், ஆதலால் அவர் கேட்கலாகாது என்னும் எதிர்பார்ப்பே அந்நிழலாகும்.

ஆனால் உண்மையில் அத்தொண்டர் யார்? கியூபாவில் நாட்டுப்புறத்துக்குச் சென்ற கொன்ராடோ பெனித்தெஸ் படையணியினர் பெரும்பாலும் பத்து முதல் பத்தொன்பது வயதுக்குட்பட்ட மாணவர்கள். அவருட் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். நகரத்து வீட்டை விட்டு அறியாத மலைநாட்டுக் குடிசைக்கு அவர்கள் பயணப்பட்டனர். அறிவொளித் தொண்டரோ பெரும்பாலும் அதே ஊரைச் சேர்ந்தவர். பத்தாம் வகுப்புவரை படித்துவிட்டு, வேலைக்கோ திருமணத்துக்கோ காத்திருக்கும் இளம்பெண். அல்லது படிப்புக்கேற்ற தொழிலின்றி நிற்கும் இளைஞர். கியூப மாணவர் கடந்தது நூற்றுக்கணக்கான மைல். தமிழகத் தொண்டர் கடக்க வேண்டியிருந்தது ஊர்த்தெருவுக்கும் சேரிக்கும் இடைப்பட்ட சில நூறு யார் மட்டுமே. ஆயின் சமூக அளவையில் இவ்விரண்டாவது தூரம் முதலாவதிலுங் குறைந்ததன்று.

பொழுது சாய்ந்த பின் ஓர் இளம்பெண் வீட்டுக்கு வெளியே இரண்டு மணி நேரம் இருப்பதற்குக் குடும்பத்தின் இணக்கம் வேண்டும். தந்தை வயதுள்ள ஆடவருக்கு அவள் எழுத்துக் கற்பிப்பதை ஊர் ஏற்றல் வேண்டும். ஒரு சாதியைச் சேர்ந்தவர் மற்றொரு சாதியினரின் திண்ணையில் அமர்தல் வேண்டும். தொண்டர் வகுப்புக்கு வராது நின்றுவிட்டார் என்று அறிக்கை எழுதும்போது, அவ்வரவின்மையின் காரணம் அவரது மனத்தில் உளதா, அன்றி அவரைச் சூழ்ந்துள்ள சமூக உறவுகளில் உளதா என நாம் கேட்பதில்லை. ஊக்கக் குறைவு என நாம் பெயரிடுவது பல வேளைகளில் இவ்வுறவுகளின் அழுத்தமேயாகும்.

3. கியூபா, நிக்கராகுவா: துணையின் அமைப்பு

1960 செப்ரெம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் பிடல் காஸ்ட்ரோ, அடுத்த ஆண்டிலேயே எழுத்தறியாமையை ஒழிப்போம் என அறிவித்தார். 1961 டிசெம்பர் 22இல் இயக்கம் நிறைவுற்றபோது ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் எழுத்தறிவு பெற்றிருந்தனர். எழுத்தறியாதோர் விகிதம் ஏறத்தாழ 23 சதவீதத்திலிருந்து 4 சதவீதமளவுக்குக் குறைந்தது என்பது அந்நாட்டு அரசின் கணக்கு. கற்பித்தோர் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவருள் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் மேற்கூறிய மாணவப் படையணியினர்.

இவ்வெற்றியைப் புரட்சிகர உணர்வின் விளைவென்று மட்டும் விளக்குவோர், அவ்வுணர்வு எவ்வாறு ஒழுங்கமைக்கப்பட்டது என்பதை மறந்துவிடுகின்றனர். மாணவர்கள் வரதேரோ கடற்கரையிற் சில நாட்கள் பயிற்சி பெற்றனர். ‘வென்செரேமோஸ்’ என்னும் பதினைந்து பாடங்களைக் கொண்ட பாடநூலும், கற்பிப்போருக்கான தனிக் கைந்நூலும் அவர்க்கு வழங்கப்பட்டன. சீருடை, தூங்குமஞ்சம், போர்வை, விளக்கு என்பனவும் வழங்கப்பட்டன. பகலில் விவசாயியுடன் வயலில் உழைத்து, இரவில் அதே விளக்கின் ஒளியிற் பாடம் நடத்துவது திட்டமாக இருந்தது. இவை யாவற்றிலும் முக்கியமானது, தொழில்முறை ஆசிரியர்கள் ஆலோசகர்களாக ஒவ்வொரு பிரதேசத்திலும் நியமிக்கப்பட்டமையாகும். மாணவர்கள் குறித்த கால ஒழுங்கில் அவர்களைச் சந்தித்துத் தம் இடர்ப்பாடுகளைப் பேசினர். தனித்து விடப்பட்ட பதினைந்து வயதுச் சிறுவனிடம் இருப்பது துணிவு மட்டுமே. அத்துணிவு நான்காவது மாதத்திலும் நிலைத்து நிற்பதற்குத் தேவைப்பட்டது இவ்வாலோசகரின் துணையாகும்.

மற்றுமொரு விடயம் மனங்கொள்ளத்தக்கது. ஆண்டின் நடுப்பகுதியில் இயக்கம் எதிர்பார்த்த வேகத்தில் முன்னேறவில்லை. செப்ரெம்பரிற் கூட்டப்பட்ட தேசிய மாநாடு இதனை வெளிப்படையாக ஆராய்ந்தது. அதன் விளைவாகத் தொழிலாளர் படையணிகள் உதவிக்கு அனுப்பப்பட்டன. பின்தங்கியோருக்கென விரைவுபடுத்தும் முகாம்கள் அமைக்கப்பட்டன. அதாவது, பின்னடைவுக்கான பொறுப்பு இளந்தொண்டரின் தலையிற் சுமத்தப்படவில்லை. அமைப்பே தன்னைத் திருத்திக்கொண்டது. இயக்கம் முடிந்தபின் மாணவரிற் பல்லாயிரவர்க்குப் புலமைப்பரிசில்கள் வழங்கப்பட்டன, பலர் ஆசிரியராயினர். எழுத்தறிவு பெற்றோர் தொழிலாளர்–விவசாயிகள் கல்வித் திட்டத்தின் வழியாக ஆறாம் வகுப்புத் தரத்தை நோக்கி முன்னேறினர். கற்பித்தவருக்கும் கற்றவருக்கும் நாளை என்பது ஒன்று இருந்தது.

இக்கூற்று கியூப இயக்கத்தைக் குறைகாண முடியாததாக்கும் முயற்சியன்று. பாடநூலின் பொருள் வெளிப்படையாகவே அரசின் அரசியலைச் சார்ந்திருந்தது. கற்போர் அதனை விவாதிப்பதற்கு இருந்த இடம் குறுகியது. மேலும் அவ்வியக்கம் குருதி சிந்தாது நிறைவேறியதுமன்று. படையணிக்குப் பெயரளித்த கொன்ராடோ பெனித்தெஸ் 1961 ஜனவரியிற் கொல்லப்பட்ட இளம் ஆசிரியர். அதே ஆண்டு நவம்பரிற் பதினாறு வயது மனுவேல் அஸ்குன்செ கொல்லப்பட்டார். தொண்டரை ஆபத்தான இடத்துக்கு அனுப்பும் அமைப்பின் பொறுப்பு எத்தகையது என்னும் வினாவை இம்மரணங்கள் இன்றும் எழுப்புகின்றன.

1980 மார்ச் முதல் ஓகஸ்ட் வரை நிக்கராகுவாவில் நடைபெற்ற இயக்கம் இவ்வநுபவத்தை மேலும் வளர்த்தது. பயிற்சி பெற்ற எண்பது பேர் சில நூற்றுவரைப் பயிற்றுவித்தனர். அவர்கள் பல்லாயிரவரைப் பயிற்றுவித்தனர். இப்படிமுறைப் பயிற்சியில் ஒரு குறை உண்டு: படி இறங்குந்தோறும் பொருள் நீர்த்துப் போகும். அதனை ஈடுசெய்யவே வாரந்தோறும் தொண்டர்கள் ஒன்றுகூடும் பட்டறைகளும் வானொலி நிகழ்ச்சிகளும் ஒழுங்கு செய்யப்பட்டன. எழுத்தறியாமை 50 சதவீதத்திலிருந்து 13 சதவீதத்துக்குக் குறைந்தது என அறிவிக்கப்பட்டது. கற்க இயலாதோர் எனக் கருதப்பட்டோரைக் கணக்கிலிருந்து விலக்கியே இவ்விகிதம் பெறப்பட்டது என்பதையும் நேர்மையுள்ள விமர்சகர் குறிப்பிடுதல் வேண்டும். புள்ளிவிபரம் ஓர் இயக்கத்தின் வெற்றிச் சின்னமாக மாறும்போது, கற்க இயலாதார் என்றொரு பிரிவு எங்கும் தோன்றிவிடுகிறது.

4. இந்தியா: ஊதியம் பற்றிய ஒரு தவறான முடிவு

1978 ஒக்டோபர் 2ஆம் நாள் இந்திய அரசு தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டத்தைத் தொடக்கியது. 15 முதல் 35 வரையான வயதுக்குட்பட்ட பத்துக் கோடி மக்கள் அதன் இலக்கு. மையம் ஒன்றுக்கு ஏறத்தாழ முப்பது கற்போரும் ஒரு போதனாசிரியரும் இருந்தனர். போதனாசிரியருக்கு மாதந்தோறும் சிறுதொகை மதிப்பூதியமாக வழங்கப்பட்டது. இத்திட்டம் தன் இலக்கின் அண்மைக்கும் செல்லவில்லை. 1988 மேயிற் தேசிய எழுத்தறிவு இயக்ககம் நிறுவப்பட்டது. அதன் கீழ் மாவட்ட அளவிலான முழு எழுத்தறிவு இயக்கங்கள் ஊதியமற்ற தொண்டரை அடிப்படையாகக் கொண்டு நடைபெற்றன. எர்ணாகுளத்தில் 1989 ஜனவரியிற் தொடங்கிய இயக்கம் 1990 பெப்ரவரி 4இல் அம்மாவட்டத்தை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கும் நிலையை எய்தியது.

இவ்விரு அநுபவங்களையும் ஒப்புநோக்கியோரிற் பலர், பணம் கொடுத்தபோது தோல்வி, கொடாதபோது வெற்றி. ஆகவே பணம் தொண்டுணர்வைக் கெடுக்கும் என்னும் முடிவுக்கு வந்தனர். எழுத்தறிவுப் பணியின் பின்வந்த வரலாற்றிற் பெருந்தீங்கு விளைத்த முடிவு இதுவெனலாம். இரு திட்டங்களுக்குமிடையே மாறியது ஊதியம் மட்டுமன்று. 1978இல் போதனாசிரியர் ஓர் அதிகார ஏணியின் கடைசிப் படியில் நின்றார். பதிவேட்டை நிரப்பி மேலே அனுப்புவதே அவரது பிரதான கடமையாயிற்று. எர்ணாகுளத்திலோ 1962 முதல் மக்களிடையே பணியாற்றி வந்த கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்து என்னும் மக்கள் அறிவியல் இயக்கமும் மாவட்ட நிர்வாகமும் இணைந்து செயற்பட்டன. ஒரு தொண்டருக்குப் பத்துப் பேரளவிலேயே கற்போர் இருந்தனர். பாட்டும் வீதி நாடகமும் ஊரையே தொண்டரின் பக்கம் திருப்பின. தொண்டர் தனியாளாக நிற்கவில்லை.

எர்ணாகுள அநுபவத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி பெரிய உண்மையைப் புலப்படுத்துகிறது. முதியோர் பலர் எழுத்துக்களைக் கற்க இடர்ப்பட்டமைக்குக் காரணம் அறிவின் மந்தமன்று, பார்வைக் குறைவு என்பது வகுப்புக்களில் வெளிப்பட்டது. கண் பரிசோதனை முகாம்கள் நடத்தப்பட்டன. மூக்குக் கண்ணாடிகள் திரட்டி வழங்கப்பட்டன. பாயில் அமர்ந்திருக்கும் தொண்டர் கண்டறிந்த உண்மை மேலே சென்று, அங்கிருந்து ஒரு பொருளாகக் கீழே திரும்பி வந்தது. இவ்விருவழிப் பாதை இருக்கும்வரை தொண்டர் சோர்வதில்லை; தம் சொல்லுக்குப் பயனுண்டு என்பதை அவர் கண்ணாரக் காண்கிறார். அறிக்கை மேலே செல்வதோடு நின்றுவிடின், தொண்டர் வெறும் தகவல் திரட்டுபவராகிவிடுகிறார்.

5. புதுக்கோட்டை: தொண்டரும் கற்பவரே

1948 வரை தனிச் சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டை, மழை குறைந்த வறண்ட நிலப்பகுதி. 1991இல் இங்கு அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஈடுபாடும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரின் உழைப்பும் இதன் இரு தூண்கள். 1992 ஓகஸ்டில் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது.

இவ்வியக்கத்தின் தனிச்சிறப்பு, தொண்டரையும் கற்பவரையும் ஒரே வேளையில் மாற்றிய செயற்பாடுகளில் உள்ளது. அவற்றுட் புகழ்பெற்றது பெண்கள் துவிச்சக்கர வண்டி ஓட்டப் பழகியமையாகும். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதனை விரிவாகப் பதிவு செய்துள்ளார். ஊர்விட்டு ஊர் சென்று வகுப்புக்களைப் பார்வையிட வேண்டிய பெண் தொண்டர்க்குப் போக்குவரத்து ஒரு பிரச்சினை. அதற்கான தீர்வு பாட்டோடும் பயிற்சி முகாமோடும் எழுத்தறிவு இயக்கத்தின் பகுதியாகவே ஆக்கப்பட்டது. வண்டி வாங்க வங்கிக் கடன் பெறவும் வழிசெய்யப்பட்டது. ஒரு நிர்வாகி இதனைப் போக்குவரத்துச் செலவெனக் கணக்கெழுதியிருப்பார். இவ்வியக்கமோ தொண்டரின் தேவையை அவரது விடுதலையாக மாற்றியது. தந்தையையோ தமையனையோ எதிர்பாராது வீதியிற் சென்ற பெண், கற்பவர் முன் வேறொருவராகவே வந்து நின்றாள். அவளைக் கண்டு கற்பவரும் வண்டி பழகினர்.

கற்குழிகளில் உழைத்த பெண்கள் குழுவாக இணைந்து குழிகளைக் குத்தகைக்குப் பெற்றமையும் இவ்வியக்கத்தோடு தொடர்புடையது. கூலியாளாக இருந்தவர் கணக்கு எழுத வேண்டியவராயினர். எழுத்துக்கும் எண்ணுக்கும் உடனடிப் பயன் பிறந்தது. வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் இணைந்து எழுதி 1996இல் வெளிவந்த நூல் இவற்றை விரிவாக விளக்குகின்றது. பிற்காலத்தே இம்மாவட்டத்தில் ஆய்வு செய்த மானிடவியலாளர் பிரான்சிஸ் கோடி 2013இல் வெளியிட்ட நூல், இதே இயக்கத்தை மேலும் விமர்சன நோக்குடன் அணுகுகின்றது. எழுதப் பழகிய பெண்கள் ஆட்சியருக்கு மனு எழுதிய நிகழ்வுகளை ஆராயும் அவர், எழுத்தறிவு எந்த அளவுக்கு விடுதலை, எந்த அளவுக்கு அரசின் மொழிக்குள் மக்களைக் கொண்டுவரும் செயல் என்னும் வினாவை எழுப்புகின்றார். இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்து வாசிப்பது நம் ஆய்வாளர்க்குப் பயன்தரும்.

தொண்டர் பிரச்சினையைப் பொறுத்தவரை இவற்றிலிருந்து பெறப்படுவது ஒன்றே. தான் கொடுப்பவள் என்று மட்டும் எண்ணிய தொண்டர் விரைவில் வறுமையடைகிறார். தானும் ஏதோவொன்றைக் கற்றுக்கொண்டிருக்கிறேன் என உணர்ந்த தொண்டர் நிலைத்து நிற்கிறார். பிரேசிலின் பாவுலோ பிரெயிரே 1963இல் அங்கிக்கோஸ் என்னும் சிற்றூரில் நடத்திய வட்டங்களிற் கற்பிப்போர் ஆசிரியர் என அழைக்கப்படாது இணைப்பாளர் என அழைக்கப்பட்டமை வெறும் பெயர் மாற்றமன்று என்பது இங்கு தெளிவாகும்.

6. பிரகடனமும் கைவிடலும்

இவ்வளவு சாதித்த இயக்கங்கள் ஏன் நிலைக்கவில்லை? இந்தியாவின் தேசிய எழுத்தறிவு இயக்ககம் எழுத்தறிவுக்கு நுட்பமான அளவுகோல்களை வகுத்தது: நிமிடத்துக்கு 30 சொற்களை உரத்து வாசித்தல், 7 சொற்களைப் பார்த்து எழுதுதல், 5 சொற்களைச் சொல்லக்கேட்டு எழுதுதல் என்றவாறு. இதற்கென மூன்று பாடநூல்களும் ஏறத்தாழ 200 மணிநேரக் கற்பித்தலும் திட்டமிடப்பட்டன. அளவுகோலிற் பிழையில்லை. ஆயின் எர்ணாகுளத்தின் வெற்றிக்குப் பின், முழு எழுத்தறிவுப் பிரகடனம் என்பது மாவட்டங்களுக்கிடையிலான ஒரு போட்டியாயிற்று. பிரகடன நாள் முதலில் நிச்சயிக்கப்பட்டது. கற்றல் அந்நாளுக்கேற்ப வேகப்படுத்தப்பட்டது. அருண் கோஷ் தலைமையிலான நிபுணர் குழு 1994இல் அளித்த மதிப்பீட்டறிக்கை, இவ்வவசரத்தையும், தொடக்க இயக்கத்துக்கும் தொடர்கல்விக்குமிடையே ஏற்பட்ட நீண்ட இடைவெளியையும் குறைகளாகச் சுட்டியது.

அவ்விடைவெளியிலே தொண்டரின் நிலை என்ன? விழா முடிந்தது, சான்றிதழ் கிடைத்தது, விளக்குக்கு மண்ணெண்ணெய் வருவது நின்றது. அதே ஊரில் வாழும் அப்பெண்ணைத் தெருவிற் காணும்போதெல்லாம், இனி வகுப்பு எப்போது எனக் கற்பவர் கேட்டனர். அவரிடம் விடையில்லை. நகரிலிருந்து வந்த அலுவலர் மாற்றலாகிச் செல்லலாம். தொண்டர் எங்கும் செல்ல இயலாது. இயக்கத்தின் பெயராற் கொடுத்த வாக்குறுதியின் கடன் முழுவதும் அவர் தலையிலேயே விழுந்தது. மறுமுறை ஒரு திட்டம் வந்து தொண்டர் வேண்டும் எனக் கேட்டபோது அவர் முன்வராதிருப்பின் அது உணர்வுக் குறைவன்று. அநுபவம் தந்த அறிவாகும்.

2009 முதல் 2018 வரை நடைமுறையிலிருந்த ‘சாக்ஷர் பாரத்’ திட்டத்தில் ஊர்தோறும் மதிப்பூதியம் பெறும் ஊக்குநர் நியமிக்கப்பட்டனர். 2022இற் தொடங்கிய புதிய இந்திய எழுத்தறிவுத் திட்டமோ மீண்டும் ஊதியமற்ற தொண்டரையே அடிப்படையாகக் கொண்டுள்ளது. ஊதியமா, தொண்டா என்று ஊசல் இருபுறமும் ஆடிக்கொண்டேயிருக்கிறது. ஊசலின் அச்சாகிய அமைப்பு பற்றிய வினா இன்றும் அப்படியே உள்ளது. பயிற்றுநரும் இணைப்பாளரும் ஊதியம் பெற, கற்பிப்பவர் மட்டும் ஊதியமின்றி உழைக்க வேண்டுமெனில், அவ்வேறுபாட்டுக்கான நியாயம் அவர் முன் வெளிப்படையாகப் பேசப்படுதல் வேண்டும். பெரும்பான்மைத் தொண்டர் பெண்களாக இருக்கும்போது, வீட்டினுள் ஊதியமின்றி உழைப்பவரிடமே வீட்டுக்கு வெளியிலும் ஊதியமற்ற உழைப்பைக் கேட்கிறோம் என்பதை நாம் மறைத்தலாகாது.

7. தொண்டர் யார்க்குரியர்?

முகாமைத்துவ நூல்கள் எழுப்பாத ஒரு வினா எஞ்சியுள்ளது. ஆந்திரப் பிரதேசத்தின் நெல்லூர் மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவு வகுப்புக்களிற் கூடிய பெண்கள், பாடநூலில் இடம்பெற்ற கதைகளின் தூண்டுதலால் தம் வாழ்வைப் பற்றிப் பேசத் தொடங்கினர். தூபகுண்டா என்னும் ஊரிற் தொடங்கிய சாராய எதிர்ப்பு மாவட்டமெங்கும் பரவியது. 1993இல் மாநில அரசு சாராயத்தைத் தடைசெய்யும் நிலை ஏற்பட்டது. சாராயத்தால் வருவாய் பெற்ற அதே அரசே எழுத்தறிவு வகுப்புக்களை நடத்தியது என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

வகுப்பில் இருந்த தொண்டர் இத்தருணத்தில் யார் பக்கம் நிற்றல் வேண்டும்? தம்மை நியமித்த நிர்வாகத்தின் பக்கமா, தம் முன் அமர்ந்துள்ள பெண்ணின் பக்கமா? தொண்டரை நன்கு ‘நிர்வகித்தல்’ என்பது அவரை முன்னைய பக்கத்தில் நிறுத்துவதாயின், அந்நிர்வாகம் எழுத்தறிவின் பகையாகும். எழுத்துக்களை மட்டும் கற்பித்து, எழுத்துக்கள் திறந்துவிட்ட பேச்சை அடக்கும் தொண்டரைக் கற்பவர் நம்புவதில்லை. நம்பிக்கையற்ற வகுப்பு விரைவில் வெறுமையாகும். ஆகவே தொண்டரின் சுயாதீனம் ஒரு சலுகையன்று, இயக்கத்தின் உயிர்நிலையாகும்.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து சில முடிவுகளைத் தொகுத்துக் கூறலாம். ஒன்று, பயிற்சி தொடக்கத்தில் ஒருமுறை நிகழ்ந்து முடிவதன்று; கற்பித்தல் நடைபெறும் காலம் முழுவதும் தொண்டர்கள் குறித்த நாளிற் கூடித் தம் அநுபவங்களை ஆராய இடமிருத்தல் வேண்டும். இரண்டு, அவர்களது பேச்சு மேலே சென்று செயலாகத் திரும்புதல் வேண்டும்; எர்ணாகுளத்தின் மூக்குக் கண்ணாடி இதற்குச் சான்று. மூன்று, தொண்டரின் சமூகத் தடைகள் அவரது தனிப்பட்ட குறைகளாகக் கருதப்படாது இயக்கத்தின் பிரச்சினைகளாக ஏற்கப்படுதல் வேண்டும். புதுக்கோட்டையின் துவிச்சக்கர வண்டி இதற்குச் சான்று. நான்கு, பின்னடைவு ஏற்படின் முதலில் ஆராயப்பட வேண்டியது அமைப்பே. ஐந்து, முடிவு நாளுக்குப் பின் என்ன என்பது தொடக்க நாளிலேயே தீர்மானிக்கப்படுதல் வேண்டும். தொடர்கல்விக்கு வழியில்லாவிடத்து ஒரு தொண்டரை ஊரார் முன் நிறுத்துவது நேர்மையன்று.

1945இல் இலவசக் கல்வியைப் பெற்ற நம் நாட்டில் இவ்வினாக்கள் அவ்வளவு அவசரமானவையல்ல என எண்ணுவோர் இருக்கலாம். மலையகத் தோட்டப் பாடசாலைகள் 1970களிலேயே அரசின் பொறுப்புக்கு வந்தன என்பதையும், அதற்கு முன் வளர்ந்த பெண் தொழிலாளர் பலர் எழுத்தை அறியாமலே கொழுந்து நிறுத்த கணக்கை ஏற்க வேண்டியவராயினர் என்பதையும் நினைவிற் கொண்டால் அவ்வெண்ணம் மாறும். லயன் அறைகளின் முன்றிலில் வகுப்பெடுக்க நம் பல்கலைக்கழக மாணவர் முன்வரலாம், முன்வருதல் வேண்டும். ஆனால் விடுமுறைக் காலத்திற் சென்று, புகைப்படம் எடுத்து, விடுமுறை முடிந்ததும் திரும்புவதாயின், பிரகடன விழாக்களின் பிழையையே சிறிய அளவில் நாமும் செய்தவராவோம்.

தொண்டரைப் போற்றுவது எளிது. அவரைக் கணக்கிடுவதும் எளிது. அவருக்குச் செவிசாய்ப்பதும், அவர் கொடுத்த வாக்கைக் காக்க உடனிருப்பதும் கடினம். எழுத்தறிவு இயக்கங்களின் வெற்றி தோல்விகளை மதிப்பிட முனையும் ஆய்வாளர், கற்றோரின் தொகையோடு இன்னுமொரு வினாவையும் எழுப்புதல் தகும்: இயக்கம் முடிந்து ஓராண்டின் பின்னர், அதே ஊரில், அதே தொண்டர் தம் கற்போரின் முகத்தை நேர்நின்று நோக்கக் கூடிய நிலையில் இருந்தாரா?